ஐந்து பொட்டலம் காபி: ஒரு பழைய க்யூரிங் குமாஸ்தாவின் தீர்ப்பு

பெட்டிக்குள் ஐந்து பொட்டலம். ஒவ்வொன்றிலும் 100 கிராம் வறுத்த கொட்டை, அரைக்காதது. கீழ்ப்பழனி மலை, ஏற்காடு, பாபாபுதன்கிரி, வயநாடு, கடைசியாக மான்சூன் மலபார். விலை ஆயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் மேல். பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியது, அதனால் விலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்கிறாள் என் மனைவி. இருந்தாலும் சொல்கிறேன், அரைக் கிலோவுக்கு இது அதிகம். விற்றவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. இதே ஐந்து பகுதிக் கொட்டையை இன்று எத்தனையோ சின்ன வறுப்புக் கடைக்காரர்கள் விற்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் இங்கே எழுதியிருப்பதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் பட்டிவீரன்பட்டியில் ஒரு க்யூரிங் ஒர்க்ஸில், அதாவது காய்ந்த காபியின் தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையில், கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தோட்டக்காரன் இல்லை, ருசி பார்த்து மார்க் போடும் நிபுணனும் இல்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய மூட்டையைப் பிரித்ததுமே எங்கள் மேஸ்திரி ஒரு கொட்டையைப் பல்லில் கடித்து, கையளவு அள்ளி மூக்கருகே வைத்து, "இது மழையில மாட்டின சரக்கு", "இது பச்சைக்காயோட உருவினது" என்று சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்தப் புத்தியோடுதான் இந்தப் பொட்டலங்களையும் பார்த்தேன்.

ஐந்தையும் ஒரே மாதிரிதான் போட்டேன். தெருமுனை மெஷினில் அரைத்து, வீட்டுப் பித்தளை ஃபில்டரில், சிக்கரி இல்லாமல். முதலில் டிகாக்‌ஷனில் வெந்நீர் கலந்து நான் குடிப்பேன். அப்புறம் பாலும் சர்க்கரையும் கலந்து மனைவிக்கு. பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் படிப்பதே இல்லை. அதனாலேயே அவள் தீர்ப்பை நான் நம்புகிறேன்.

பொட்டலத்தில் எழுத்துக்குக் குறைவில்லை. தோட்டத்தின் உயரம், செடியின் ரகம், அதற்குக் கீழே மல்லிகை, டார்க் சாக்லேட், உலர் திராட்சை என்று ஒரு பட்டியல். இல்லாதது எது என்றால், எந்த மாதம் பறித்தது, பறிக்கும்போதும் காயும்போதும் மழை இருந்ததா, களத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பவை. வறுத்த தேதி இருக்கிறது, அறுவடைப் பருவம் இல்லை. எனக்கென்னவோ கோப்பையில் வருவதில் பாதிக்கு மேல் அந்த எழுதாத விஷயங்களில்தான் இருக்கிறது.

முதலில் நம்ம ஊர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் என்று 1,000 முதல் 1,500 மீட்டர் வரை ஏறி இறங்கும் கீழ்ப்பழனி மலை. இந்தப் பக்கத்துக் காபித் தோட்டத்தைப் பார்க்காதவர்கள் தேயிலைத் தோட்டம் மாதிரி வெட்டவெளியாக நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே போனால் காடுதான். மேலே சில்வர் ஓக்கும் பலாவும், நடுவில் கல்யாண முருங்கை, மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை, கமலா ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். இவற்றுக்கெல்லாம் கீழேதான் காபிச் செடி நிற்கும்.

பொட்டலத்தில் ஒரு ஆரஞ்சு மரப் படம் போட்டு, பக்கத்தில் 'ஆரஞ்சுத் தோலின் மணம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆரஞ்சு நின்றதால் கொட்டையில் ஆரஞ்சு ஏறிவிட்டது என்று வாங்குகிறவர் நினைக்கட்டும் என்பதுதான் நோக்கம். அப்படியெல்லாம் எதுவும் ஏறாது. மிளகுக் கொடி படர்ந்த தோட்டத்துக் காபி காரமாக இருப்பதில்லை, பலாவுக்குக் கீழே காய்த்தது பலாவாக மணப்பதும் இல்லை. ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் இருக்கும் சிட்ரிக் அமிலம் காபிக் கொட்டையிலேயே இயல்பாக உண்டு. உயரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும். கொட்டை இறுகும், அந்தப் புளிப்பும் இனிப்பும் தங்கும். மரத்தின் வேலை அதுதான்.

நிழலைப் பற்றி இன்னொன்று. பறவைகளுக்காக மரங்களைக் காப்பாற்றுகிறோம் என்று இப்போது எல்லா அட்டையிலும் ஒரு குருவிப் படம் வருகிறது. நல்லதுதான். ஆனால் அரபிகா (காபியின் இரண்டு முக்கிய வகைகளில் ஒன்று, மற்றது ரோபஸ்டா) விவசாயி மரத்தை வெட்டாததற்கு முதல் காரணம் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும். நிழலைக் கழித்துவிட்டுக் காய்ப்புக் கூடும் என்று கணக்குப் போட்டால், ஓரிரு வருடம் கூடும், அப்புறம் செடி செடியாகப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். குருவி பிழைத்தது வண்டின் புண்ணியம்.

இந்தப் பொட்டலத்துச் செடி எஸ்.795. சிக்மகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில் இருக்கும் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்த ரகம். இலைத்துரு நோயைத் தாங்கவேண்டும் என்பதற்காக உருவாக்கியது, ருசியிலும் நன்றாக அமைந்துவிட்டது. இலைத்துரு சாதாரண நோய் இல்லை. 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கே காபியையே ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது அதுதான். பிறகு வந்த ரகங்கள் கூடுதலாகக் காய்த்தன, குட்டையாக இருந்ததால் பறிக்கவும் சுலபம். ஆனால் பழைய ஆட்கள் எஸ்.795 மூட்டைக்குத் தனி மரியாதை கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, மழைக்கு வருவோம். பழனி மலையின் தலைவலியே அதுதான். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு அடங்கிவிடும், டிசம்பர் ஜனவரியில் பழம் எடுக்கும்போது களத்தில் சுள்ளென்று வெயில் இருக்கும். நமக்கோ வடகிழக்குப் பருவமழை. பழம் சிவக்கும் நேரத்தில்தான் ஐப்பசி, கார்த்திகை மழை அடிக்கும். முழுப் பழமாகக் களத்தில் பரப்பினால் வாரக்கணக்கில் காயவேண்டும், அத்தனை நாள் வானம் சும்மா விடாது. அதனால் கொஞ்சம் வசதியுள்ள தோட்டக்காரர் பழத்தை அன்றைக்கே பல்பரில் விட்டுத் தோலை உரித்து, தொட்டியில் ஊறவைத்து, மேலே இருக்கும் வழுவழுப்பு கழன்றதும் கழுவிக் காயவைப்பார். ஊறும் நேரம் மலைக் குளிரைப் பொறுத்தது. ஒரு நாளாகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று இருக்கவேண்டும். அந்தப் பதம் தாண்டிப் போனால் கொட்டை நாறிவிடும். நாறின கொட்டை ஒன்றிரண்டு ஃபில்டருக்குள் போனால் போதும், டிகாக்‌ஷன் முழுக்க வீண்.

கழுவிய அரபிகாவைத்தான் வியாபாரத்தில் 'பிளாண்டேஷன்' என்பார்கள். கடைப் பலகையில் பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒரே உருண்டைப் பருப்பு. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்பார்கள். அதற்காகக் கிலோவுக்கு அவ்வளவு கூடக் கொடுக்கவேண்டுமா என்றால், நான் கொடுப்பதில்லை.

கோப்பையில் இந்தப் பழனிக் காபி எப்படி? வெந்நீர் கலந்து குடித்தால் முதல் வாயிலேயே சின்னப் புளிப்பு, தொடர்ந்து வெல்லப்பாகு மாதிரி இனிப்பு, கடைசியில் நாக்கு சுத்தமாக இருக்கிறது. சுத்தம் என்றால், குடித்து முடித்து அரைமணி நேரம் கழித்தும் வாயில் அழுக்கு வாடை எதுவும் மிச்சமில்லை. மழையில் மாட்டாத சரக்கு என்பதற்கு அதுவே அடையாளம். பால் கலந்தால் மணம் நிற்கிறது, ஆனால் கனம் போதவில்லை. "நல்லா இருக்கு, ஆனா காபி குடிச்ச மாதிரியே இல்லை" என்றாள் மனைவி. நூறு வருடம் சிக்கரி கலந்து குடித்த பரம்பரைக்கு அது நியாயமான புகார்தான்.

ஏற்காட்டுப் பொட்டலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார், அன்றிலிருந்து அங்கே காபி இருக்கிறது. இவர்கள் அனுப்பியது 'ஹனி' முறை. அதில் தேன் எதுவும் இல்லை, பழத்தோலை மட்டும் உரித்துவிட்டு வழுவழுப்பைக் கழுவாமல் அப்படியே காயவைப்பது. நன்றாகச் செய்தால் கழுவியதைவிட இனிப்புக் கூடும். ஆனால் வறுத்தவர் கொட்டையை அரைவேக்காட்டில் இறக்கிவிட்டார். வெளிநாட்டுப் பாணியில் இளம் வறுவல். நம்ம ஃபில்டரில் போட்டால் புல் வாடையும் வெறும் புளிப்பும்தான் இறங்கியது. மலையைக் குறை சொல்லமாட்டேன், விவசாயி செய்தது நாக்குவரை வந்துசேரவில்லை.

பாபாபுதன்கிரி. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி மெக்கா போய்த் திரும்பும்போது ஏமனிலிருந்து ஏழு விதை மறைத்துக் கொண்டுவந்து நட்டார் என்று சொல்லப்படும் மலை. 2019இல் இந்த மலை அரபிகாவுக்குத் தனியாகப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொட்டலத்தில் இருப்பது 'நேச்சுரல்', அதாவது முழுப் பழமாகவே காயவைத்து, கடைசியில் தோலும் சதையும் சேர்த்து உடைத்தெடுத்த கொட்டை.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் இதன் பெயர் அரபிகா செர்ரி. பிளாண்டேஷனைவிட எப்போதும் விலை குறைவு. தோட்டத்தில் நல்ல பழத்தையெல்லாம் பல்பருக்கு அனுப்பிவிட்டு, பச்சைக்காய், செடியிலேயே கருகினது, கீழே உதிர்ந்தது எல்லாவற்றையும் ஒன்றாகக் களத்தில் கொட்டிக் காயவைத்தால் அது செர்ரி. இன்று ஐந்தில் விலை அதிகம் இந்தப் பொட்டலம்தான். ஏமாற்று என்று சொல்லவில்லை, செய்கிற விதம் தலைகீழாக மாறியிருக்கிறது. ஒரே சிவப்பாக நன்றாகப் பழுத்ததை மட்டும் ஆள்விட்டுப் பொறுக்கி, தரையில் கொட்டாமல் வலைக் கட்டிலில் மெல்லிசாகப் பரப்பி, நாளுக்குப் பலமுறை கிளறி, இரண்டு மூன்று வாரம் காக்கிறார்கள். கூலி கூடத்தான் செய்யும். ஒரே செடியைத் தேடி நாலைந்து சுற்று போய்ப் பறிக்க இன்று ஆள் கிடைப்பதே பெரிய பாடு. பல தோட்டங்களில் கிளையோடு உருவிவிடுவதற்கு அதுதான் காரணம், அந்தப் பச்சைக்காயின் துவர்ப்பைத்தான் மலிவு காபித்தூளில் நாம் குடிக்கிறோம்.

பழச்சதை கொட்டையோடு ஒட்டியே காய்வதால் அதில் நடக்கும் புளிப்பேற்றம் கொட்டைக்குள் இறங்குகிறது. பொட்டலத்தைப் பிரித்ததுமே அறை முழுக்கப் பழ வாசனை. வெறும் டிகாக்‌ஷனில் கிறங்கடிக்கிறது. திராட்சைப் பழம் அதிகம் பழுத்த மாதிரி ஒரு நெடி, இனிப்பு, கனம். நான் ரசித்துக் குடித்தேன். பால் கலந்ததும் கதை மாறிவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏங்க, பால் திரிஞ்சுபோச்சா?" என்றாள். பால் நன்றாகத்தான் இருந்தது. பாலோடு இந்தப் பழ வாடை சேர்வதே இல்லை. பால் காபி குடிக்கிறவர்கள் இந்தப் பொட்டலத்துக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

வயநாட்டு ரோபஸ்டாவுக்கு நான் எதிர்பார்ப்பே வைக்கவில்லை. ரோபஸ்டா என்றாலே கசப்பு, சாக்கு வாடை, மலிவு என்று ஒரு எண்ணம். இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ரோபஸ்டாதான் என்பதை மறந்துவிட்டுப் பேசுவோம். காஃபின் அரபிகாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, இனிப்பு குறைவு, கசப்பு இயல்பிலேயே உண்டு. ஆனால் அந்தச் சாக்கு வாடைக்குச் செடி பொறுப்பில்லை. வயநாட்டில் பெரும்பாலும் சின்ன விவசாயிகள், வீட்டு முற்றத்திலேயே முழுப் பழமாகக் குவித்துக் காயவைப்பார்கள். கனமாகப் பரப்பினால், நேரத்துக்குக் கிளறாவிட்டால், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ரோபஸ்டாவின் கெட்ட பெயரில் ஒரு பங்கு அந்த முற்றத்தில் சம்பாதித்தது.

பூ மழையின் கணக்கும் இதில் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகைத் தோட்டம் மாதிரி வாசம் அடிக்கும். ஒன்றாகப் பூத்தது ஒன்றாகப் பழுக்கும். மழை துண்டு துண்டாகப் பெய்தால் பூவும் துண்டு துண்டாக, பத்து மாதம் கழித்து ஒரே கிளையில் பச்சை, சிவப்பு, கருப்பு மூன்றும் தொங்கும். அதனால்தான் ரோபஸ்டாக்காரர்கள் மழைக்குக் காத்திராமல் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பூக்க வைக்கிறார்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிற தோட்டத்துக்கும் இல்லாத தோட்டத்துக்கும் கோப்பையில் வித்தியாசம் தெரியும்.

பொட்டலத்தில் இருப்பது கழுவிய ரோபஸ்டா, வியாபாரத்தில் ரோபஸ்டா பார்ச்மெண்ட் என்பது. அரபிகா போலவே உரித்து, ஊறவைத்து, கழுவிக் காயவைத்தது. வெறுமனே குடித்தால் முரட்டுத்தனம் தெரிகிறது. ஆனால் பால் விட்டதும் எழுந்து நிற்கிறது. கெட்டியான நுரை, கோகோ மாதிரி கசப்பு, சாக்கு வாடை துளியும் இல்லை. மனைவி இரண்டாவது டம்ளர் கேட்டாள். ஐந்தில் இதற்கு மட்டும்தான் கேட்டாள். விலையும் இதற்குத்தான் குறைவு.

மான்சூன் மலபார் முழுக்க வேறு ஜாதி. அதில் தோட்டத்துக்கு இருக்கும் பங்கு குறைவு, வேலை நடப்பது மங்களூர்ப் பக்கம் கடற்கரைக் கிடங்கில். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பலில் மலபார்க் காபி ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் கடல் ஈரம் குடித்துக் கொட்டை ஊதி, வெளுத்து, புளிப்பு இழந்துதான் இறங்கும். அவர்கள் அதற்கே பழகிவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பலும் வந்ததும் காபி பச்சை மாறாமல் சீக்கிரம் போய்ச்சேர்ந்தது. பழைய ருசி எங்கே என்று கேட்டார்கள். வியாபாரிகள் விடுவார்களா? கப்பலில் நடந்ததைக் கரையிலேயே நடத்திக் காட்டிவிட்டார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, பக்கங்கள் திறந்த கிடங்கில் அரபிகா செர்ரிக் கொட்டையை நாலு முதல் ஆறு அங்குல உயரத்துக்குப் பரப்பி, பருவக்காற்று படப்படக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். ஈரம் போதுமான அளவு ஏறியதும் சாக்கில் தளர்வாகக் கட்டி, காற்று நடுவில் புகுந்து போகும்படி வரிசையாக அடுக்குவார்கள். அடிக்கடி அவிழ்த்துக் கொட்டி மறுபடி கட்டுவார்கள். மூன்று நாலு மாதத்தில் கொட்டை பருத்து, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். இதற்கும் புவிசார் குறியீடு உண்டு, 2019க்கு வெகு முன்பே வாங்கியது.

எங்கள் ஆலையில் 11 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறிய மூட்டையை இறக்கவிடமாட்டார்கள், ஏற்றி வந்தவனுக்குத் திட்டும் விழும். ஊதி வெளுத்த கொட்டையை, தரம் பிரிக்கும் கார்பிளிங் பெண்கள் கருப்பு, உடைசலோடு சேர்த்துப் பொறுக்கி எறிவார்கள். அதையே மங்களூரில் கண்ணும் கருத்துமாகச் செய்தால் விலை. இரண்டுக்கும் வித்தியாசம் அந்தக் கிளறலில்தான். காற்று ஓடினால் மான்சூன், ஓடாவிட்டால் பூசணம்.

ருசியில் புளிப்பு என்ற பேச்சே இல்லை. கனம் நாக்கில் உட்காருகிறது. மழை பெய்த மண்ணும், பழைய மரப்பெட்டியும், கொஞ்சம் மசாலா மாதிரியும் ஒரு வாசம். வயிற்றுக்குப் புளிப்புக் காபி ஆகாது என்பவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். பாலிலும் தாங்குகிறது. எனக்கு மட்டும் அந்த ஈர வாடை பிடிபடவில்லை. மூக்கு இன்னும் பழைய ஆலையிலேயே நிற்கிறது போலிருக்கிறது.

எதையும் வீணாக்கப் பிடிக்காமல் மீதியில் கலவையும் செய்து பார்த்தோம். பழனி பிளாண்டேஷன் 60 பங்கு, வயநாடு பார்ச்மெண்ட் 40 பங்கு, சிக்கரி இல்லை. பழனியின் மணமும் வயநாட்டின் கனமும் ஒரே டம்ளரில் வந்துவிட்டது. கனத்துக்காக இத்தனை வருடம் சிக்கரி வேரை வாங்கியிருக்கிறோமே என்று தோன்றியது. சட்டப்படி 49 சதவீதம்வரை சிக்கரி கலந்து விற்கலாம், கடைத்தூள் வாங்கும்போது அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த விகிதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பெட்டியை இன்னொருமுறை முழுதாக வாங்கமாட்டேன். பழனியும் கழுவிய ரோபஸ்டாவும் பச்சைக் கொட்டையாகவே தாண்டிக்குடிப் பக்கத்திலும் பட்டிவீரன்பட்டியிலும் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கும்போது உயரத்தையும் ரகத்தையும் கேட்காதீர்கள், எந்த மாதம் எடுத்தது, கழுவினதா செர்ரியா, களத்தில் மழை பட்டதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் கால் கிலோ வாங்கி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே வறுக்கச் சொல்லுங்கள். பாபாபுதன்கிரிப் பொட்டலத்தில் மிச்சமிருப்பது எனக்கு. மான்சூனை எதிர்வீட்டு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டார், அவருக்கு அசிடிட்டி.